ஆளுக்கு ரெண்டு சாண்

நீங்க நகர வேணாம்ணே. அப்படியே இருங்க, நானே உக்காந்துக்கிறேன். பாத்தீங்களா, உக்காந்தாச்சு. மூணு பேர் சீட்டுன்னு பேரு. நடுவுல இருக்கிறவர் கொஞ்சம் முன்னாடி தள்ளி, ஓரத்துல இருக்கிறவர் தோளைச் சாய்ச்சு வச்சுக்கிட்டா நாலாவது ஆளுக்கு இடம் தானா வந்துடும். ஜனங்களுக்கு இது தெரியாது. சீட்டு இல்லை, சீட்டு இல்லைன்னு நின்னுக்கிட்டே வருவாங்க. இடம் இல்லாம ஒண்ணும் இல்லைண்ணே. அடுக்கத் தெரியணும்.

ஜெயில் ஸ்டாப்பிங்குதானே நீங்க? பையைப் பாத்தாலே தெரியுது. புது பனியன், புது சோப்பு, பிஸ்கட்டு பாக்கெட்டு. முதல் தடவை மனு பாக்கப் போறவங்க எல்லாரும் இதேதான் வாங்கிட்டு வருவாங்க. அங்க ஆளைப் பாக்குறதுக்கு மனுன்னுதான் பேரு. பேரு எழுதிக் கொடுத்துட்டு வரிசையில நிக்கணும். கூப்பிட்டா உள்ள போயி, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு கத்திப் பேசணும். யாரைப் பாக்க? தம்பியா? கூடப்பிறந்த தம்பியா? நல்ல மனசுண்ணே உங்களுக்கு. எனக்கும் ஒரு தம்பி இருக்கான். அந்தக் கதையை அப்புறம் சொல்றேன்.

அது என்ன, வாயில வச்சு அடிக்கிற மருந்தா? தம்பிக்கு மூச்சு இழுப்பு உண்டா? சரி, சரி. டாக்டர் சீட்டு இருந்தா வாங்கி உள்ள கொடுத்துருவாங்க. எந்தக் கொட்டடின்னு சொன்னாங்களா? மூணா? அட, நம்ம கொட்டடி. ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்களுக்கு இன்னைக்கு நல்ல நேரம், என் பக்கத்துல உக்காந்திருக்கீங்க.

என் பேரு பூலோகநாதன். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. உள்ள கேட்டுப் பாருங்க. மூணாம் கொட்டடியில பூலோகம் அண்ணன்னா தெரியாத ஆள் கிடையாது. இப்ப இருக்கிறவனுங்க புதுசு, தெரியாம இருக்கலாம். அப்ப எல்லாருக்கும் தெரியும். லாரி செட்டுல லோடு அடுக்குறது எனக்குத் தொழில். வெங்காய மூட்டையா இருந்தாலும் சரி, கண்ணாடிச் சாமானா இருந்தாலும் சரி, மத்தவன் ஏத்துறதை விட நான் கால் பங்கு கூட ஏத்துவேன். அந்தக் கை ராசிதான் உள்ளயும் என்னைக் காப்பாத்துச்சு.

கொட்டடிங்கிறது ஒரு நீளமான ஹால்ணே. ஒரு கோடியில கம்பி போட்ட ஜன்னல், மறுகோடியில கக்கூஸ். நாப்பது பேர் படுக்குற இடம்னு வாசல்ல வெள்ளைக்காரன் காலத்துல எழுதி வச்சிருக்கான். நான் போனப்ப நூறு பேருக்கு மேல. எல்லாம் விசாரணைக் கைதிங்க. தண்டனை ஆகல, விடுதலையும் ஆகல, தேதி தேதியா போயிட்டு வந்துட்டிருக்கிற கும்பல். சாயங்காலம் பூட்டினாங்கன்னா அடிதடிதான். இவன் கால் அவன் மூஞ்சியில, அவன் முழங்கை இவன் விலாவுல. நான் ரெண்டு நாள் பாத்தேன். மூணாவது நாள் எழுந்திரிச்சு, எல்லாரும் நில்லுங்கடான்னேன்.

என் கையை விரிச்சு சாண் போட்டேன். ஆளுக்கு ரெண்டு சாண். யாரும் மல்லாக்கப் படுக்கக் கூடாது, ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். ஒருத்தன் தலை வடக்க இருந்தா பக்கத்து ஆள் தலை தெக்க. குறட்டை விடுறவன் பக்கத்துல காது மந்தமான ஆள். உயரமா இருக்கிறவன் சுவரோரம், கால் மடக்கிக்கலாம். ஒரே பக்கமா படுத்தா உடம்பு மரத்துப் போகும்ல? அதுக்கு நான் ஒரு தடவை கை தட்டுவேன். தட்டினா நூறு பேரும் ஒண்ணா மறுபக்கம் திரும்பணும். ஒருத்தன் மட்டும் திரும்பினா ஆகாது, வரிசையே குலைஞ்சுரும். அண்ணே, அந்தத் திரும்புற சத்தம் இருக்கே, களத்துல நெல்லைத் தள்ளுற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

எனக்கு எங்க இடம்னு கேக்குறீங்களா? ஜன்னலோரம், தூண் பக்கத்துல. அதை நானா எடுத்துக்கலண்ணே. அங்கேருந்து பாத்தாத்தான் மொத்த வரிசையும் தெரியும், அதனால.

புதுசா வர்றவன் கக்கூஸ் ஓரத்துலேருந்து ஆரம்பிக்கணும். அது எல்லா ஜெயில்லயும் இருக்கிற வழக்கம். முன்னாடி இருக்கிறவன் ஜாமீன்ல போகப் போக, ஒவ்வொரு இடமா நகர்ந்து ஜன்னல் பக்கம் வரலாம். உங்க தம்பியும் இப்ப அங்கதான் இருப்பாரு. முகத்தை ஏன் அப்படி வச்சுக்கிறீங்க? நிரந்தரமா யாரும் அங்க கிடக்க மாட்டாங்க. லூர்துசாமி ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் அங்க கிடந்தான்.

லூர்துசாமி ஸ்கூல் வேன் டிரைவர். ஏதோ ஆக்சிடென்ட் கேசு, அம்பது வயசு இருக்கும். உங்க தம்பி மாதிரியே அவனுக்கும் இழுப்பு. இடம் காலியாகும்போதெல்லாம், லூர்து, நீ இரு, அடுத்த தடவை பாக்கலாம்னு சொல்வேன். சரிண்ணேன்னு சொல்லிட்டு இருந்துக்குவான். ஏன்னா பாருங்க, முணுமுணுக்குறவனை அங்க போட்டா கொட்டடி முழுக்கத் தலைவலி. பொறுமைசாலியை அங்க போட்டா எல்லாருக்கும் நிம்மதி. ஆளோட குணம் அறிஞ்சுதான் இடம் கொடுக்கணும். லூர்துவோட அருமை எனக்குத் தெரியும், அதான் அவனை அங்க வச்சிருந்தேன்.

என்ன கேசுன்னு நீங்க கேக்கல. நீங்க நாகரிகமான ஆளு. நானே சொல்றேன்.

எங்க வீட்டுக்கும் என் தம்பி சிகாமணி வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்து. எங்கப்பா காலத்துச் சந்து. அவன் பாத்ரூம் கட்டினான். சுவத்தை ஒரு சாண் சந்துக்குள்ள தள்ளிட்டான். கேட்டா, கொத்தனார் நூல் பிடிச்சதுல தப்பு நடந்துருச்சுண்ணே, இப்ப என்ன பண்றதுங்கிறான். ஒரு சாண்தானேங்கிறான். அண்ணே, ஒரு சாண்னா என்னன்னு அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கடப்பாரையை எடுத்துக்கிட்டுச் சுவத்தை இடிக்கப் போனேன். அவன் கையை நீட்டி மறிச்சான். சுவர்ல விழ வேண்டியது கையில விழுந்துருச்சு. ரெண்டு எலும்பு. நான் அவனை அடிக்கவே இல்லைண்ணே. கை குறுக்க வந்துச்சு. இதைக் கோர்ட்டுல ஒருத்தரும் காது கொடுத்துக் கேக்கல.

ஜாமீன் சீக்கிரமே கிடைச்சுருச்சு. ரெண்டு பேர் வந்து ஜாமீன் கையெழுத்துப் போடணும், அதுல ஒருத்தர் நெருங்கின சொந்தமா இருக்கணும்னு சொன்னாங்க. என் சம்சாரம் வளர்மதி இதோ வர்றேன்னு சொல்லி அனுப்பினா. அப்புறம் பாத்தா ரேஷன் கார்டுல பேரு தப்பா இருக்காம், திருத்தக் கொடுத்திருக்காளாம். அது வந்ததும் மகளுக்குப் பரீட்சை. பரீட்சை முடிஞ்சா ஆடி மாசம், ஆடியில எப்படி வர்றது? அப்புறம் அவளுக்கே முட்டி வலி. நான் தப்பா எடுத்துக்கல. ஒத்தைப் பொம்பளை, வீட்டுல வேலை இருக்கும்ல?

தம்பி ஒரு தடவை மனு பாக்க வந்தான். கையில கட்டுப் போட்டுக்கிட்டு, கழுத்துல துணி மாட்டி, அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். அண்ணே, நான் வேணா ஜாமீன் போடட்டுமாங்கிறான். யார் கேசு கொடுத்தானோ அவனே ஜாமீன் போடுறதா? சட்டம் தெரியாத ஆளு. அந்த ஒரு சாண் சுவத்தை இடிச்சிட்டு வாடான்னு சொல்லி அனுப்பிட்டேன். திரும்பிப் பாத்துக்கிட்டே போனான். கை வலிச்சிருக்கும்.

நானும் அப்படியே இருந்துட்டேன். உள்ள வேலை அப்படி. விட்டுட்டு வர முடியாது.

அப்பதான் இந்தக் கொரோனா வந்துச்சு. ஊர் அடங்குச்சு, கோர்ட்டு மூடுச்சு, மனு பாக்குறதை நிறுத்திட்டாங்க. ஒருநாள் ஜெயிலர் முகத்துல ரெண்டு துணி கட்டிக்கிட்டு, கையில டேப்போட வந்து நிக்கிறாரு. பூலோகம், இனிமே ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி விட்டுப் படுக்க வைக்கணும், மேலேருந்து உத்தரவுங்கிறாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஐயா, ஆறடி விட்டுப் படுக்க வச்சா கடைசி ஆளு பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கணும்னேன். அவரும் பாவம், என்ன செய்வாரு? மறுநாள் பெரிய டாக்டர் வேற பார்வையிட வர்றாராம்.

நான் யோசிச்சேன். நோய் எங்கேருந்து வருது? வாயிலேருந்து. அப்ப வாய்க்கும் வாய்க்கும்தானே ஆறடி வேணும்? இவன் தலை வடக்க, அவன் தலை தெக்க. ரெண்டு வாய்க்கும் நடுவுல ஒரு ஆள் நீளம் இருக்குல்ல! ஜெயிலர் டேப்பை வச்சு அளந்தாரு. கொஞ்சம் குறைஞ்சது, கழுத்தை மேல தூக்கிக்கங்கடான்னேன், சரியாப் போச்சு. டாக்டர் வந்து வாசல்லயே நின்னு பாத்துட்டு, நூறு பேரையும் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு. குறை இருந்தா சொல்லியிருப்பாருல்ல? அந்த ஜெயிலுக்குள்ள கொரோனாவை நிறுத்தினது நான்தான்னு வெளியில யாருக்கும் தெரியாது.

லூர்துசாமிதான் இருமிக்கிட்டே கிடந்தான். இருமினா எல்லாருக்கும் பயம். தூக்கி வெளிய போடுங்கன்னு கத்துறானுங்க. நான் விடல. லூர்து, நீ அந்தக் கக்கூஸ் சுவத்தைப் பாத்து இருமுன்னேன். கை தட்டினா எல்லாரும் திரும்பணும், நீ மட்டும் திரும்ப வேணாம்னு விலக்கும் கொடுத்தேன். சரிண்ணேன்னான். அதுக்கு முன்னாடி அந்தக் கொட்டடியில யாருக்கும் நான் அப்படி விலக்குக் கொடுத்ததே இல்லை.

நீங்க ஏன் அந்த மருந்தைக் கையிலயே பிடிச்சிருக்கீங்க? பையில போடுங்க, விழுந்துரப் போகுது.

அப்புறம்தான் அநியாயம் நடந்துச்சு. ஜெயில்ல கூட்டம் ஜாஸ்தி, நோய் பரவிடும், சின்னக் கேசுல இருக்கிறவங்களை எல்லாம் ஜாமீன்ல விடுங்கன்னு டெல்லியிலேருந்தே உத்தரவு வந்துருச்சு. ஜாமீன் போட ஆள் வேணாமாம். சொந்தக் கையெழுத்து போதுமாம். சாயங்காலமானா பேரு கூப்பிடுவாங்க. கூப்பிட்டவன் துணியைச் சுருட்டிக்கிட்டு ஓடுவான். எத்தனையோ பேர் என்கிட்ட சொல்லிக்காமயே போனாங்க. அவசரம், வீடு நினைப்பு, நான் தப்பா எடுத்துக்கல. முதல் கும்பல்லயே லூர்துசாமி பேரு வந்துச்சு. அவன் வாசல்ல போயி நின்னு, ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி, அப்படியே கொஞ்ச நேரம் நின்னான். வார்டர் வாய்யா வாய்யாங்கிறாரு, இவன் கையை மடக்க மாட்டேங்குறான். சேட்டை பிடிச்சவன்னு நினைச்சுக்கிட்டேன்.

கொட்டடி காலியாகிக்கிட்டே வந்துச்சுண்ணே. நூறு அம்பதாச்சு, அம்பது இருபதாச்சு. ஒருநாள் பூட்டின பிறகு நான் வழக்கம் போல எழுந்திரிச்சு சாண் போட ஆரம்பிச்சேன். ஒருத்தன், நேத்து முளைச்சவன், சுவத்துல சாஞ்சுக்கிட்டுச் சொல்றான்.

"அண்ணே, எங்க வேணா படுக்கலாம்லண்ணே. எதுக்கு அளக்குறீங்க?"

மத்தவனுங்க சிரிக்கல. சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். எல்லாரும் என்னைப் பாவம் போல பாத்தானுங்க. எனக்கு அழுகையே வந்துருச்சுண்ணே. அவனவன் மல்லாக்கப் படுத்துக்கிட்டு, கையைக் காலை விரிச்சுக்கிட்டு, காத்து வாங்கிக்கிட்டுக் கிடக்குறான். ஒருத்தன் நடு ஹால்ல குறுக்குவாட்டுல படுத்திருக்கான்! நான் என் ஜன்னலோரத்துல ஒருக்களிச்சுப் படுத்தேன். கை தட்டினேன். ஒருத்தனும் திரும்பல.

கடைசியில என் பேரையும் கூப்பிட்டாங்க. எனக்கு ஜாமீன் போட ஆள் வரலையே ஐயா, ரேஷன் கார்டு திருத்தக் கொடுத்திருக்குன்னேன். ஆள் வேணாம், நீயே கையெழுத்துப் போடுன்னாங்க. கொட்டடியை யார் பாத்துப்பாங்கன்னு கேட்டேன். ஜெயிலர் அந்தத் துணிக்கு மேல கண்ணை மட்டும் காட்டிக்கிட்டு என்னையே பாத்தாரு. அப்புறம், போய்யா, வீட்டுக்குப் போன்னாரு. அவ்வளவு நாள் வேலை பாத்ததுக்கு அதான் மரியாதை.

பஸ் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காய்கறி லாரியில ஏறிப் போனேன். அதுலயும் முட்டைக்கோஸ் மூட்டையைக் கன்னாபின்னான்னு போட்டிருந்தான்.

எங்க தெரு, செக்கடித் தெரு, முனையில மூங்கில் கட்டி அடைச்சு வச்சிருக்காங்க. குனிஞ்சு உள்ள போனேன். வீட்டு வாசல்ல நின்னா எனக்கு ஒண்ணும் புரியல. சந்தைக் காணோம். சந்தே இல்லைண்ணே. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல தகரக் கூரை போட்டு, முன்னாடி ஒரு கதவு வச்சு, அதை ஒரு ரூமா ஆக்கிட்டாங்க. ரெண்டு பக்கச் சுவத்துலயும் வாசல் உடைச்சு, இந்த வீட்டுலேருந்து அந்த வீட்டுக்குப் போக வர வழி பண்ணியிருக்காங்க. என் சம்சாரமும் தம்பி சம்சாரமும் அங்கதான் கிரைண்டரைப் போட்டு மாவாட்டுறாங்க. எந்தச் சாணுக்காக நான் ஜெயிலுக்குப் போனேனோ, அந்தச் சாண் மேல கிரைண்டர் ஓடுது.

வளர்மதி என்னைப் பாத்ததும் எழுந்திரிச்சு நின்னா. வாங்கன்னு சொல்லல. எப்ப விட்டாங்கன்னு கேட்டா. சோப்பும் வாளியும் கொண்டாந்து வாசல்ல வச்சா. ஜெயில்லேருந்து வந்தவங்களைப் பதினாலு நாள் தனியா வைக்கணும்னு சுகாதார ஆளுங்க சொல்லிட்டுப் போயிருந்தாங்களாம். எங்க வைக்கிறது? கிரைண்டரைத் தூக்கி உள்ள போட்டுட்டு என்னை அந்த சந்து ரூம்ல வச்சாங்க.

முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். இது என்ன இடம்? நான் கேட்ட இடம். என் சாண் மேலயே என்னைக் கொண்டாந்து படுக்க வச்சுட்டானுங்க! அப்ப யாரு ஜெயிச்சது? காலை நீட்டினா முன் கதவு இடிக்கும். நான் எங்க நீட்டுறேன், ஒருக்களிச்சுத்தானே பழக்கம். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு அடியில தள்ளிவிடுவாங்க. தம்பிதான் தண்ணிக் குடம் கொண்டாந்து வைப்பான். கை கொஞ்சம் கோணலாக் கூடியிருக்கு. இருந்தாலும் குடம் நல்லாத்தான் தூக்குறான்.

பதினாலு நாள் ஆச்சு. வெளிய வாங்கன்னு யாரும் கூப்பிடல. வேலை இருக்கும்ல? நானா எழுந்திரிச்சு வீட்டுக்குள்ள போனேன். அன்னைக்கு ராத்திரி பாயை விரிச்சாங்க. பாத்தா ஒரு ஒழுங்கே இல்லை. மக ஒரு மூலையில, இவ ஒரு மூலையில, நடுவுல அவ்வளவு இடம் சும்மா கிடக்கு. நான் சாண் போட்டு, வளர்மதி நீ இங்க, கார்த்திகா நீ தலையைத் தெக்க வையின்னு இடம் பிரிச்சுக் கொடுத்தேன். படுத்ததும் கை தட்டினேன். மக எழுந்திரிச்சு உக்காந்துட்டா. பயந்துட்டா போல. வளர்மதி பாயைச் சுருட்டினா. அவ கோபமாக்கூடச் சொல்லலண்ணே, மெதுவாத்தான் சொன்னா.

"இங்க யாரும் அளந்து படுக்கிறதில்லைங்க. நாங்க இப்பதான் காலை நீட்டிப் படுக்கிறோம்."

அவ்வளவுதான். ரெண்டு பேரும் சந்து வழியா தம்பி வீட்டுக்குப் போயிட்டாங்க. அங்க ஃபேன் காத்து நல்லா வருதாம். அன்னையிலேருந்து படுக்கை அங்கதான். சமையல் அங்க, டிவி அங்க, பேச்சு சிரிப்பு எல்லாம் அங்க. சந்து வழியாக் கேக்கும். இந்த வீடு முழுக்க எனக்கு, நான் ஒருத்தன். நீங்களே சொல்லுங்க, மூணு பேர் படுக்கிற ஹால்ல ஒருத்தன் எந்தப் பக்கம் படுக்கிறது? ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தானே எது நம்ம இடம்னு தெரியும்?

தம்பிகிட்ட கேட்டேன், என்னடா, என் சாண் என்ன ஆச்சுன்னு. பழைய பூலோகமா இருந்தா அவன் பயந்திருப்பான். இவன் என்ன பண்றான், என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டான்.

"அண்ணே, ஒரு சாண் என்ன, சந்து முழுக்க நீயே வச்சுக்க. கேசை நான் முடிச்சுக்கிறேன். நீ தூங்குண்ணே."

கேசை முடிச்சிட்டான்ணே! கோர்ட்டு திறந்ததும் போயி, எங்களுக்குள்ள சமாதானம்னு எழுதிக் கொடுத்துட்டான். ஜட்ஜம்மா ரெண்டு பேரையும் கை கொடுத்துக்கச் சொன்னாங்க. அந்தக் கோணக் கையை நீட்டுறான். என்ன செய்யிறது, பிடிச்சேன். கேசு இல்லை, ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போன்னுட்டாங்க. சண்டை போடவும் இடம் இல்லாமப் பண்ணிட்டான் பாவி.

ஒருநாள் லூர்துசாமியை ரோட்டுல பாத்தேன். வேனை நிறுத்தி, ஏத்திக்கிட்டான். நல்ல பையன். முன் சீட்டுல உக்கார வச்சான், டீ வாங்கிக் கொடுத்தான். என்ன லூர்து, நான் இல்லைன்னா அந்தக் கொட்டடியில எல்லாரும் நசுங்கிச் செத்திருப்பீங்கல்லன்னு கேட்டேன். அவன் கிளாசையே பாத்துக்கிட்டிருந்தான்.

"நீங்க அளக்காட்டியும் நாங்க அப்படித்தாண்ணே படுத்திருப்போம். வேற எடம் ஏது?"

பொறாமைண்ணே. அவ்வளவு நாள் கக்கூஸ் ஓரத்துல கிடந்த கடுப்பு, இருக்கத்தானே செய்யும். இறங்கும்போது ஜாக்கிரதையாப் போங்கண்ணேன்னான். பரவாயில்லை, மரியாதை மட்டும் மாறல.

அடுத்த ஸ்டாப்பிங்குதான். பையை எடுத்துக்கங்க. கண்டக்டர்கிட்ட சொல்ல வேணாம், அவருக்கு என்னைத் தெரியும். வாராவாரம் வர்றேன்ல.

ஆமாண்ணே, நானும் அங்கதான். இப்ப கொட்டடி பழையபடி நிறைஞ்சிருச்சாம். வெளிய விட்டவங்கள்ல பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க, புதுசு வேற வந்துக்கிட்டே இருக்கு. நூத்தி இருபதுங்கிறாங்க. எப்படி அல்லாடுறாங்களோ தெரியல. அளந்து கொடுக்க ஆள் வேணும்ல? ஜெயில் கேட்டுல போயி சொன்னேன், நான் வந்துட்டேன், உள்ள விடுங்கன்னு. வார்டர் சின்ன வயசு. கேசு இல்லாம எப்படிப் பெரியவரே உள்ள விடுறது, வீட்டுக்குப் போங்கங்கிறான். சூப்பிரண்டுகிட்ட சொல்லு, பூலோகம் வந்திருக்கான்னு சொல்லுன்னேன். சொல்லியிருப்பான். அவருக்கும் வேலை இருக்கும்ல? கேட்டுக்கு எதிர்ல வேப்பமரம் இருக்கு, அங்க உக்காந்திருப்பேன். மனு முடிஞ்சு எல்லாரும் போன பிறகு நானும் பஸ் ஏறிடுவேன்.

பாத்து இறங்குங்க. அந்த வரிசையிலதான் நிக்கணும். நீங்க அழக் கூடாதுண்ணே, தம்பி பாத்தா அவரும் அழுவாரு. என் பேரை அவர்கிட்ட சொல்லுங்க. சொன்னா நல்ல இடம் கிடைக்கும். கிடைக்காட்டி, சுவத்தைப் பாத்துப் படுக்கச் சொல்லுங்க, லூர்து அப்படித்தான் படுப்பான், ஒண்ணும் ஆகல.

அண்ணே, ஒரு நிமிஷம். நீங்க பேசி முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு அவர்கிட்ட கேட்டுட்டு வாங்க. ஜன்னலோரம், தூண் பக்கத்துல, இப்ப யாரு படுக்குறாங்க? காலியா இருக்காது, தெரியும். யாராவது படுத்திருந்தா எழுந்திரிக்கச் சொல்ல வேணாம். கொஞ்சம் ஒதுங்கிக்க முடியுமான்னு மட்டும் கேக்கச் சொல்லுங்க. ரெண்டு சாண் கூட வேணாம்ணே, எனக்கு ஒரு சாண் போதும்.